திரும்பி வந்த மடல்

யோகன் அண்ணையின் கையை உடைத்தவர்களுக்கு அவருடைய பெயரைக் கொடுத்தது நான்தான். வேண்டுமென்று கொடுக்கவில்லை. ஆனால் பிறகு அதை மறைத்தேனே... அது வேண்டுமென்றுதான்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு படகு உரிமையாளர் சங்கத்தில் நான் லிகிதர்; கடிதங்களும் பதிவுகளும் என் வேலை. உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே தடவையில் செய்தி போகும் மின்னஞ்சல் குழுவையும் நானே நடத்தினேன். சங்கத்தின் கணக்கிலிருந்து அனுப்பிப் போய்ச் சேராத மடல்கள் எல்லாம் என் பெட்டிக்குத் திரும்பி வரும். மாறிய முகவரி, நிரம்பிய பெட்டி... ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். எனக்குச் சலித்துவிட்டது. திரும்புபவை எங்கே போகவேண்டும் என்று கேட்ட இடத்தில் என் முகவரியை அழித்துவிட்டுக் குழுவின் முகவரியைப் போட்டேன். எல்லோருக்கும் போகுமே என்று யோசித்தேனா? என் பெட்டி காலியானால் போதும் என்றிருந்தேன்.

யோகன் அண்ணை லிங்கநகர் மீனவர், அவரும் எங்கள் உறுப்பினர். களவாக வெடி போட்டு மீன் பிடிப்பவர்களைப் பற்றிக் கைபேசியில் முறைப்பாடு எழுதி எனக்கு அனுப்பினார். அவர்களில் இருவரும் எங்கள் உறுப்பினர்கள்தான். மீன்பிடி அதிகாரிக்கு அனுப்பிவிடச் சொன்னார்.

"என்ர பெயர் அவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும், தங்கச்சி."

ஓம் என்றேன். சங்கத்தின் கணக்கிலிருந்தே அனுப்பினேன். அதிகாரியின் பெட்டி நிரம்பியிருந்தது. மடல் குழுவின் முகவரிக்குத் திரும்பியது, அடியில் முறைப்பாடு முழுவதும், அவருடைய பெயரோடு. ஒரே நேரத்தில் எல்லோருடைய கைபேசிக்கும் போனது.

மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் கண்டேன். கரையில் அந்த இருவரும் அவரைப் பிடித்திருந்தார்கள். ஒருவன் தலைமயிரைப் பற்றி முகத்தைப் படகின் விளிம்பில் மோதினான். பற்கள் இரத்தத்தோடு மணலில் விழுந்தன. மற்றவன் அவருடைய வலக்கையைப் பலகையில் விரித்து வைத்து இரும்புக் கம்பியால் அடித்தான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த பிறகும் அடித்தான். கொஞ்ச நேரத்தில் அவருடைய அலறல் நின்றுவிட்டது. கம்பியின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பிறகு அவருடைய படகில் பெற்றோலை ஊற்றினார்கள்...

நான் ஓட்டோ ஒன்றின் பின்னால் நின்றேன். கத்தினேனா? பொலிசை அழைத்தேனா? சங்கக் கந்தோருக்கு ஓடினேன். ஓடிப்போய்க் குழுவின் முகவரியை எடுத்துவிட்டுப் பழையபடி என்னுடையதைப் போட்டேன்! அதைத்தான் செய்தேன்.

தலைவர் விசாரித்தபோது, யோகன் அண்ணைதான் எனக்கு அனுப்புவதாக நினைத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டார் என்றேன். கணினி தெரிந்தவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? யோகன் அண்ணையே நம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி, உங்கட கைதானே உங்களைக் கெடுத்தது என்று அவரை ஏசிக்கொண்டு நின்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கிழிந்த உதடுகளை அசைத்து அவர் என்னிடம் சொன்னார்:

"என்னால உங்களுக்கும் கரைச்சல். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தங்கச்சி."

"பரவாயில்லை அண்ணை," என்றேன்.

இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. அந்த விரல்கள் மடங்குவதில்லை. நான் இன்னும் அதே கதிரையில் இருக்கிறேன். இதை உங்களிடம் சொல்கிறேன், அவரிடம் சொல்ல ஏலவில்லை... வழியில் என்னைக் கண்டால் அவர்தான் தலையைக் குனிகிறார். நான் அவரை மன்னித்துவிட்டதாக நம்புகிறார்.