அட்டை வீட்டு பல்பு

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் "மெதுவா டீச்சர்". படியில் இறங்கினால் மெதுவா, தண்ணீர் குடித்தால் மெதுவா, அழுதால்கூட மெதுவா என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம். பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை.

அக்கா போன பிறகு அந்த வார்த்தையும் அவள் வாயில் வரவில்லை. அக்கா தையல்காரி. கல்யாணம், காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் காலத்தை ஓட்டியவர்கள். அக்காவுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. தையல் மெஷின் சத்தத்தையும் மீறி ஊர் வம்பு பேசுவாள். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அவளுக்கு, கிள்ளினாலும் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குக் கடனே என்று போய் வந்தாள். ஒரு பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மருந்து போட்டாள். எப்படி விழுந்தாய் என்று கேட்கவில்லை. இது வீடுகளுக்குப் போய், அங்கிருந்து புகாராகத் திரும்பி வந்தது. தலைமை ஆசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். பள்ளி முழுக்க அவருக்குப் பெரிய டீச்சர் என்றுதான் பெயர்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. ஆனா பிள்ளைங்க உங்க முகத்தப் பார்த்தாலே பயப்படுதுங்க. ஆபீஸ்ல ஒரு வேலை காலியா இருக்கு. ஒரு மேசை, ஒரு நாற்காலி. யாரும் உங்கள தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"சரி மேடம்."

"என்ன, சட்டுனு சரின்னுட்டீங்க?" பெரிய டீச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "வெள்ளிக்கிழமை மின்சாரப் பாடம் எடுப்பீங்கல்ல, அந்த அட்டை வீடு செய்வீங்களே? நான் வந்து பின்னால உட்கார்றேன். பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

யாரும் தொந்தரவு பண்ணாத இடம் அவளுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. வீடு. வகுப்பும் கையைவிட்டுப் போனால், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

அட்டை வீடு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. செருப்புப் பெட்டியில் கதவும் ஜன்னலும் வெட்டி, உள்ளே ஒரு டார்ச் பல்பு, வெளியே பேட்டரி, சுவிட்சுக்கு ஒரு ஊக்கு. கம்பி மட்டும் மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து வர வேண்டும். வருஷா வருஷம் அக்காதான் போய் வாங்கி, துண்டு போட்டுக் கட்டி மேசைமேல் வைப்பாள். இந்த வருஷம் டீச்சரே வாங்கினாள், டீச்சரே வெட்டினாள். வெட்டத் தெரியாதா என்ன?

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"பேட்டரிக்குள்ள சக்தி இருக்கு. அது கம்பி வழியா ஓடிப் போய் பல்புல வெளிச்சமா மாறுது. அப்புறம் கரண்ட் இன்னொரு கம்பி வழியா பேட்டரிக்கே திரும்பி வரணும். வழியில எங்கயும் அறுந்துபோகக் கூடாது," என்று சொல்லி ஊக்கை அழுத்தினாள்.

பல்பு எரியவில்லை. பல்பை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள், முடிச்சுகளை இறுக்கினாள். பல்பு பெப்பே காட்டிக்கொண்டே இருந்தது.

"இந்த வீட்டுக்காரங்க கரண்ட் பில்லு கட்டல போல டீச்சர்," என்றான் வகுப்பின் கோமாளி. சிரிப்பு எழுந்து, பின்னால் பெரிய டீச்சர் இருப்பது நினைவுக்கு வந்ததும் அடங்கியது.

அலமாரிக்கு மேலே போன வருஷத்து வீடு தூசி படிந்து கிடந்தது. அதை இறக்கி, அதே பேட்டரியை மாட்டினாள். அந்த வீட்டில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. இரண்டு வீட்டுக் கம்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே செம்புதான். ஆனால் பழைய கம்பியின் முனைகள் மட்டும் வெளிறி, விரல் வைத்தால் சொரசொரவென்று இருந்தன. புதியதில் முனைவரைக்கும் ஒரே வழவழப்பு.

வைண்டிங் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உண்டு. சுரண்டினால்தான் கரண்ட் பாயும். கடைக்காரர் அக்காவிடம் சொல்லியிருப்பார். அக்கா ஒவ்வொரு வருஷமும் ஊர்க்கதை பேசிக்கொண்டே அத்தனை முனைகளையும் சுரண்டியிருக்கிறாள். உலகத்தையே சொல்லித் தீர்த்தவள் இதை மட்டும் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒரு வேலையாகவே நினைத்திருக்க மாட்டாள்.

கத்தரிக்கோல் விளிம்பால் டீச்சர் முனைகளைச் சுரண்டினாள். மெல்லிய தோல் மாதிரி பூச்சு உரிந்து வந்தது. கம்பியை மாட்டி ஊக்கை அழுத்தினாள். செருப்புப் பெட்டி ஜன்னலில் வெளிச்சம் வந்தது. வகுப்பு கைதட்டி ஓய நேரமாயிற்று.

பெரிய டீச்சர் எழுந்து முன்னால் வந்தார். "அதான் எரிஞ்சிடுச்சே. கிளாஸ நீங்களே பார்த்துக்குங்க, ஆபீஸ் பேச்ச விட்டுடலாம். ஆமா, எப்பவும் தொட்டவுடனே எரியுமே, இந்தத் தடவ என்னாச்சு?"

மெதுவா டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எங்க அக்கா செத்துப்போயிட்டா மேடம்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணி, பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

சாவு வீட்டுக்கு வந்து, அன்று முழுக்கக் கூடவே இருந்துவிட்டுப் போனவர்தான் பெரிய டீச்சர். ஆனால் எனக்குத் தெரியுமே என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"எப்பம்மா?"