ஓடாத எலிக்குச் சோம்பேறி என்று பேர்

எலி வளர்க்கிற வேலையில் கடி வாங்குவது ஒரு மாதத்தில் பழகிவிடும். எலியைப் பற்றி மனிதர்கள் பேசுவதைக் கேட்பதுதான் பதினெட்டு வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற வழியில் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரி. அங்கே எலி ரூமுக்கு நான்தான் பொறுப்பு. பரளச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, எடை போட்டு, தீவனம் வைத்து, ரிஜிஸ்டர் எழுதிவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறேன். கூண்டு கழுவவும் உமி மாற்றவும் மைதீன் பாய் இருக்கிறார். இதே மாதிரி வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பு

போன வருஷம் எம்.பார்ம் படிக்கிற கார்த்திக் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தான். திருச்சுழிப் பக்கத்துப் பையன். களைப்பைப் போக்கும் மூலிகை டானிக் ஒன்றை எலிக்குக் கொடுத்தால் அது கூடுதல் நேரம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு டிரெட்மில் வாங்கினார்கள். நகர்கிற பெல்ட்டின் மேல் எலி ஓட வேண்டும். நின்றால் பெல்ட் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் ஒரு கம்பி வலையில் விடும். வலையில் சுருக்கென்று கரண்ட் அடிக்கும். மூன்று தரம் அடித்தும் எழும்பாவிட்டால், களைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு எலியைத் தூக்கிவிட வேண்டும். இதுதான் விதி.

முதல் நாள் மருந்து எதுவும் கொடுக்காமல் ஓட விட்டோம். எல்லாம் ஒரே வயசு, ஒரே தீவனம், ஒரே ரூமில் பிறந்தவை. ஓர் எலி முக்கால் மணி நேரம் ஓடியது. இன்னொன்று பத்தே நிமிஷத்தில் வலையில் உட்கார்ந்துவிட்டது. மூன்று ஷாக் ஆயிற்று, தூக்கு என்றேன். கார்த்திக் தூக்கவில்லை. நாலு, அஞ்சு, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஸ்விட்சை அணைத்து எலியை எடுத்தேன். விலா படபடவென்று அடித்துக்கொள்ள என் உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. அவன் கொஞ்சமும் பதறாமல் சொன்னான்: "அது நடிக்குதுக்கா. இன்னும் ரெண்டு ஷாக்கு குடுத்தா தன்னால ஓடும்."

பொதுவாகச் சொன்னது

ஒரு வாரம் தினமும் ஓட விட்டோம். பழகப் பழக எல்லா எலிக்கும் கொஞ்சம் நேரம் கூடியதே தவிர, முதல் நாள் முந்தியதுதான் கடைசி நாளும் முந்தியது. பிந்தியது பிந்தியதுதான். பிறவியிலேயே அதற்கு வாய்த்த மூச்சு அவ்வளவு. கார்த்திக்கின் வழிகாட்டியான பேராசிரியர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் பிறப்புலயே வருது பாத்தியா, மனுஷங்கள்லயும் அப்படித்தான்" என்று சிரித்தார். எந்த மனுஷங்கள் என்று அவர் சொல்லவில்லை. இந்தச் சீமையில் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

நான் இரண்டு எலிகளைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தேன். முக்கால் மணி நேர எலி ஒன்று, பத்து நிமிஷ எலி ஒன்று. இரண்டும் ஒரே தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவை. இதில் எது உசந்த பிறப்பு, எது தாழ்ந்த பிறப்பு என்று சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "நீ எலியப் பாரும்மா. நான் பொதுவாச் சொன்னேன்."

நாலு கூண்டு, ஒரு உட்காரல்

மைதீன் பாய் நாலு கூண்டு கழுவினால் கொஞ்ச நேரம் உட்காருவார். பிறகு நாலு. பிறகு உட்காருவார். சாயங்காலத்துக்குள் அத்தனை கூண்டும் பளிச்சென்று இருக்கும், ஒன்றுகூட விடுபடாது. ஆனால் ஆபீசிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது அவர் உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

முன்னால் சவுதியில் ஒரு குடோனில் லோடு ஏற்றினாராம். மற்றவர்கள் பத்துப் பெட்டி தூக்குகிற நேரத்தில் இவருக்கு அஞ்சுக்கே கால் தள்ளாடும். கூட இருந்தவர்களே சோம்பேறி, ஏமாற்றுக்காரன் என்று பேசி, ஒப்பந்தம் முடியும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் மச்சினன்மாரும் அதையே பேசினார்கள். மதுரைக்குப் போய் நெஞ்சு, ரத்தம், சளி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை, உங்கள் உடம்பு வாகு அப்படி என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பீடி, சிகரெட் தொடாத மனுஷர். டானிக் ஆராய்ச்சி தொடங்கியதிலிருந்து டிரெட்மில் பக்கத்தில் வந்து நிற்பதும், சாயங்காலம் ஈரக் கையோடு என்னிடம் இதைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது: "மருந்து கேக்குதா தங்கச்சி? கேட்டா எனக்கு ஒரு பாட்டிலு சொல்லி வையி."

கைக்கு வந்த எலி

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. டானிக் குடித்த எலிகள், வெறும் தண்ணீர் குடித்த எலிகளைப் போல இரண்டு மடங்கு நேரம் ஓடின. பேராசிரியர் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மைதீன் பாய் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் மட்டும், எது எந்த எலி என்று தெரிய வால்களில் போட்டிருந்த மார்க்கர் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பக்கம் இருந்தவை பெரும்பாலும் முதல் நாளே உட்கார்ந்த எலிகள்.

எப்படிப் பிரித்தாய் என்று கார்த்திக்கைக் கேட்டேன். கூண்டுக்குள் கையை விட்டு, முதலில் கைக்கு வந்ததைத் தண்ணீர்ப் பக்கம் போட்டிருக்கிறான். பாதி ஆனதும் மிச்சத்தை டானிக் பக்கம். எலி பிடித்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மந்தமானதுதான் முதலில் கையில் மாட்டும். துறுதுறுப்பானது மூலைக்கு மூலை ஓடி, கடைசியில்தான் அகப்படும். சந்தையில் கோழி பிடிக்கிறவருக்குக்கூட இது தெரியும். அவன் திருட்டுத்தனம் பண்ணவில்லை, தெரியாமல் செய்தான். ஆனால் முதல் நாள் தாள் அதே பைலில் இருந்தது, ஒருத்தரும் புரட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இந்தப் பொய்யை நம்பி ஒரு மனுஷர் பாட்டிலுக்குக் காத்திருக்கிறார். நேராகப் பேராசிரியரிடம் போனேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல ரிசல்ட்டு வந்திருக்கு. அதப் போயி ஏம்மா நோண்டுற?"

டிபன் பாக்ஸில் சீட்டு

எலி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அது இல்லாமல், எலிப் பரிசோதனைகளை மேற்பார்க்கிற கமிட்டிக்குக் காகிதம் போகாது. அட்டெண்டருக்கு இவ்வளவு திமிரா என்று மாடி வரைக்கும் பேச்சு போனது. போகட்டும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் கார்த்திக் வந்து சண்டை போட்டான். இந்த வருஷம் முடித்துவிடுவான் என்று அவன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். நானும் விடவில்லை. உன் அவசரத்துக்கு இத்தனை எலி ஷாக் வாங்கியிருக்கிறது, அந்த முதல் நாள் தாளையாவது ஒரு தரம் படித்துவிட்டுப் பேசு என்று பைலைத் தூக்கிப் போட்டேன். உட்கார்ந்து படித்தான். தண்ணீர்ப் பக்கத்து எலிகளின் முதல் நாள் நேரத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். அப்புறம் அவனே பேராசிரியரிடம் போய்த் திரும்பச் செய்கிறேன் என்று சொன்னான்.

புது எலிகள் எடுத்தோம். முதலில் ஓட விட்டு, சமமாக ஓடுகிறவற்றை ஜோடி சேர்த்தோம். ஜோடியில் எதற்கு டானிக், எதற்குத் தண்ணீர் என்று என் டிபன் பாக்ஸில் சீட்டுக் குலுக்கி, மைதீன் பாயை எடுக்கச் சொன்னோம். பிஸ்மில்லா சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எது எந்தப் பக்கம் என்று கார்த்திக்குக்குத் தெரியாமல் நான் ஊற்றினேன். மூன்று ஷாக்குக்கு மேல் ஒரு எலிக்கும் விழவில்லை. மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் ஓடின. டானிக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. பேராசிரியர் மைசூர்பாகு எதுவும் வாங்கவில்லை. கார்த்திக் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: "மூணு மாசம் போச்சுக்கா. ஆனா இப்பத்தான் அந்த எலிக மூஞ்சியப் பாக்க முடியுது."

பாட்டில் இல்லை

மைதீன் பாயிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் அவர் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். மருந்து கேட்கவில்லை அண்ணே, ஓடுகிற எலி பிறவியிலேயே ஓடுகிறது, ஓடாத எலியைக் கரண்ட் வைத்தாலும் டானிக் ஊற்றினாலும் அதற்கு மேல் ஓட வைக்க முடியவில்லை என்று.

அவர் எழுந்து போய் அடுத்த கூண்டைக் கழுவினார். அதற்கு அடுத்ததையும் கழுவினார். எனக்குத் தாங்கவில்லை; இந்த டானிக்கைக் கொண்டுவந்தவர்கள் எல்லாரையும் மனசுக்குள் வைதுகொண்டு நின்றேன். நாலாவது கூண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். "அப்ப அந்த எலி சோம்பேறி இல்ல. சவுதியில நானும் சோம்பேறியா இருக்கல. அதான தங்கச்சி சொல்ற?"

ஆயிரக்கணக்கான எலிகளை வளர்த்துவிட்டேன், பக்கத்து எலியைப் பார்த்துச் சோம்பேறி என்று சொன்ன எலி ஒன்றைக்கூட இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.