ஏலகிரிக்குப் போய் வந்த கேன் தண்ணீர்

அம்பத்தூரில் எங்களுக்குத் தெரிந்த மலை ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறுவதற்கே என் பழைய ஜீப் கொஞ்சம் யோசிக்கும். அதன் பின்னால் ஒரு சின்ன வீட்டை மாட்டி ஏலகிரிக்கு இழுத்துப் போக நான் ஒப்புக்கொண்டதற்கு முதல் காரணம், நான் படித்த பயண நூல்கள். அவற்றை நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது காரணம் என் மைத்துனன். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவன், அதை விட்டுவிட்டு ஒரு வாடகை ஷெட்டில் தானே வெல்டிங் அடித்து முகாம் வண்டி ஒன்றைச் செய்திருந்தான். இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. இனி இதுதான் தன் தொழில் என்றான். பெற்றோர் இல்லாத அவனுக்கு அக்காவின் சொல்தான் தீர்ப்பு. அந்த அக்கா என் மனைவி.

"மல ஏறி எறங்கட்டும், நானும் கூட வரேன்" என்றாள். "நடுவுல நின்னுச்சுன்னா மறுபடி கம்பெனிக்கே போய் கேட்டு சேர்ந்துக்கணும். இன்னா?"

"சரிக்கா."

பாரிவாக்கத்தில் மனைக்கல் நட்ட காலி நிலத்தில் ஒத்திகை பார்த்தோம். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. என் வீட்டில் பல வருடங்களாக நான் சொல்வதற்கு இதுதான் கதி என்பதால் சீக்கிரம் பழகிவிட்டது. அந்தப் பக்கம் பைக்கில் வந்த ஒருவர், தூக்கியிருந்த பின்கதவைப் பார்த்து நிறுத்தினார்.

"அண்ணாத்தே, பிரியாணி ரெடியா?"

மைத்துனன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கிளம்பும் காலை அவன் ஜீப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தபோது, என் மனைவி தண்ணீர் கேன்களை வரிசையாக ஏற்றினாள். "மலத்தண்ணி நமக்கு ஒத்துக்காது." எங்கள் பக்கத்தில் கேன் வராத நாளில் உலை வைப்பதில்லை, எனவே யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. சமையலுக்குக் கைக்கெட்டும் இடமாக, பின்மேடைக்கு அடியில் வைத்தாள்.

வேலூர் சாலையில் டிரெய்லர் லேசாக இடுப்பை ஆட்டியது. காற்று என்றான் மைத்துனன். நானும் நம்பினேன்.

ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் மாட்டிக்கொண்டோம். யாரென்று சொன்னால் அவருக்கு மரியாதையாக இருக்காது. ஜீப்பின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன, ரப்பர் கருகும் நாற்றம், பானெட்டில் ஆவி. மைத்துனன் குதித்து சக்கரத்துக்குக் கல் வைத்தான். பின்னால் சென்னையிலிருந்து வந்த சுற்றுலா வேன்.

"இன்னா நைனா, ஊட்டையே இஸ்துகினு வந்துட்டியா?" என்றார் டிரைவர்.

மனைவி இறங்கினாள். "நின்னுடுச்சி" என்றாள், கோபமே இல்லாமல். அதுதான் பயமாக இருந்தது.

மைத்துனன் கொக்கியின் மேல் கை வைத்தபடி நின்றான். பழைய கம்பெனி வாசலில் யாரிடம் எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறான் எனத் தோன்றியது. நான் என் வாழ்க்கையில் எந்த வேலையையும் விட்டதில்லை. அதை இத்தனை நாள் பொறுப்பு என்றே நினைத்திருந்தேன். ஏறிக் காட்டு என்று என் முன்னால் யாரும் ஒரு மலையை வைத்ததில்லை. வைத்திருந்தாலும் வேறு வழி இருக்கிறதா என்று விசாரித்திருப்பேன்.

ரேடியேட்டருக்கு ஊற்றுவதற்காக அவள் ஒரு கேனை இறக்கச் சொன்னாள். முகம் கழுவ இன்னொன்று. நாங்கள் இறக்க, அவள் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கேன எடுக்க எடுக்க ஜீப்பு பின்னாடி தணியுது பாருங்க."

உண்மைதான். அதுவரை டிரெய்லரின் வால் கீழே அழுந்தி, கொக்கி வழியாக ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. சாலையைப் பிடிக்கச் சக்கரத்துக்குப் பாரமில்லை.

"ஸ்கூட்டர்ல கேன எங்க வெப்போம்?"

"காலாண்ட" என்றேன். தவளை மாதிரி முழங்காலை விரித்துக்கொண்டு கேன் வாங்கி வருவது நான்தான்.

"அப்ப இதுல மட்டும் எதுக்குப் பின்னாடி?"

வைத்தது யார் என்பது மூவருக்கும் தெரியும். மைத்துனன் வானத்தைப் பார்த்தான். நான் புலவரின் பெயர்ப்பலகையைப் படித்தேன். அவளே ஒரு கேனைத் தூக்கிப் போய் டிரெய்லரின் முன்பக்கம், படுக்கையின் தலைமாட்டில் வைத்தாள்.

மீதிக் கேன்களையும் நாங்கள் முன்னால் மாற்றிய பிறகு, அடுத்த முயற்சியில் ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. வேன்காரர் ஹாரன் அடித்து வாழ்த்தினார், அல்லது திட்டினார்.

மேலே நாங்கள் தங்கிய இடத்தில் குழாயைத் திறந்தால் இளநீர் போலத் தண்ணீர். என் மனைவி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கேன் தண்ணீரில் டீ போட்டாள்.

மறுநாள் இறங்கினோம். எதுவும் ஆகவில்லை. வழியெல்லாம் அவள் தீர்ப்பைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பூந்தமல்லி சிக்னலில் நின்றபோதுதான் திரும்பினாள்.

"அடுத்த வண்டில சமையல் மேடைய முன்னாடி வெச்சிடு. நம்ம ஜனம் எங்க போனாலும் கேனோடதான் போவும்."

பின்சீட்டிலிருந்து மைத்துனன் முன்னால் எட்டிப் பார்த்தான்.

"அடுத்த வண்டியாக்கா?"

"காது கேக்கலையாடா?"

சிக்னலில் பச்சை விழுந்ததை நாங்கள் மூவரும் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் கவனிக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கேன் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது. இரவு அதில்தான் உலை வைத்தாள்.