டம் விழுந்தால்தான் பேச்சு

பாகலூர் சாலையில் எங்கள் வாடகை வீட்டுக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் ஒரே சுவர். பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை 'டம்', 'டம்' என்று விழும். ஒரு டம்முக்கும் அடுத்த டம்முக்கும் நடுவே கிடைக்கிற இடத்தில்தான் எங்கள் குடும்பம் பேசும்.

"சோறு..." டம். "போடவா?" டம். "போடு!"

சண்டையும் தவணை முறையில்தான். அக்கா தன் வீட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தால், முக்கியமான வார்த்தைக்காகத் தெருவே காத்திருக்கும். கன்னடம் பேசும் எதிர்வீட்டுக்காரரும் தெலுங்கு பேசும் கடைக்காரரும் எங்களைப் போலவே நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். மூன்று மொழிக்கும் மூச்சு விடும் இடத்தைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பிரஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் ஓடாது. அன்று அக்கா மகள் வாயே திறக்கமாட்டாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டோம்.

அவளுக்கு எல்.கே.ஜி. சீட் கேட்டு ஓசூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குப் போனோம். வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், பேசவேண்டியது நான், பக்கத்தில் உட்காரவேண்டியது அக்கா என்று ஏற்பாடு.

தலைமையாசிரியை அறையின் கண்ணாடிக் கதவு மூடியதும் காதில் பஞ்சு வைத்தது போல் ஆகிவிட்டது.

"வாட் இஸ் யுவர் நேம், பேபி?"

பாப்பா சுவரைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

"பேரு சொல்லு கண்ணு!" என்று அக்கா வீட்டில் பேசும் சத்தத்தில் சாதாரணமாகத்தான் சொன்னாள். மேடம் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"ஸ்பீச் ப்ராப்ளமா? கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லாத பிள்ளைங்கள நாங்க எடுக்கிறதில்லைங்க."

பட்டம் வாங்கிய எனக்கும் அந்த ஸ்கில் அப்போது வரவில்லை. இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த இங்கிலீஷில் 'குட் மார்னிங் மேடம்' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கியது. பாப்பா இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. மேடத்தின் மேசையில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தேன். டம்.

பாப்பா தன் பேரைச் சொன்னாள். டம். அப்பா பேரைச் சொன்னாள். டம். "ஏ ஃபார் ஆப்பிள்!"

"என்ன சார், மேசைய ஒடச்சிருவீங்க போல!" என்று மேடம் எழுந்தார்.

"மிஸ்ஸு," பாப்பா அதட்டினாள், "டம் விழட்டும். அப்புறம் பேசு."

மேடம் உட்கார்ந்தார். சந்தேகத்தோடு பேப்பர்வெயிட்டை எடுத்து மேசையில் தட்டினார். "உனக்கு என்ன புடிக்கும்?" இன்னொரு தட்டு. "போண்டா!" ஆயாம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் மூடிக்கொண்டார்.

சீட் கிடைத்தது.

"திங்கக்கிழமை..." என்றார் மேடம் என்னைப் பார்த்து. தட்டினார். "கூட்டிட்டு வாங்க."

சரிங்க மேடம் என்று சொல்ல, அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தேன்.