உம்மு இலியாஸின் பெட்டி

திரிபோலியை ஒட்டிய மீனா துறைமுகத்துப் பக்கம், எங்கள் தெருவில் அவளை வதாத் என்று யாரும் கூப்பிடுவதில்லை. மூத்த மகனின் பெயரால் உம்மு இலியாஸ், அதாவது இலியாஸின் அம்மா. ஐம்பத்திரண்டு வயது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். பழைய ரசீதுகளின் பின்பக்கம் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். ஆள் வந்தால் மடித்துப் பைக்குள் போட்டுவிடுவாள். அதே மேசையில் எதிரே நின்று சட்டை மடிக்கிற எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

போன வசந்தத்தில், தெருமுனைகளில் நிற்கும் தொலைபேசிக் கம்பிகளுக்கான இரும்புப் பெட்டிகளில் படம் வரைய நகராட்சி ஆள் தேடியது. அவள் பெயர் கொடுத்தாள். எங்கள் முனைப் பெட்டியே கிடைத்தது. சுரண்டிச் சுத்தம் செய்யவே இரண்டு நாள் ஆயிற்று. யார் இறந்தாலும் அறிவிப்புத் தாளை அதில்தான் ஒட்டுவோம். தாள்மேல் தாளாக விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. இனி எங்கே ஒட்டுவது என்று யோசிக்க அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அவள் வரைந்தது காலைச் சாப்பாட்டு மேசை. சாத்தர் மூலிகைப் பொடி தூவிய ரொட்டி, புதினா, ஆலிவ், கண்ணாடிக் குவளையில் தேநீர். ரொட்டிக்கடை அபூ ஜுர்ஜ் வந்து பார்த்தார்.

"ஆலிவ் ஆறுதானா? விருந்தாளியத் துரத்துற வீடு மாதிரியில்ல இருக்கு."

மறுநாள் அவள் இன்னும் ஒன்பது சேர்த்தாள். அந்தக் கோடை முழுக்க வேலைக்கு வரும்போது நேர்வழியை விட்டு அந்த முனையைச் சுற்றியே வந்தாள். முதன்முறையாக அவள் வரைந்ததை ஊரே பார்த்தது.

ஆவணியில் படகுத் தச்சர் மித்ரி இறந்தார். எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் மணி அடித்தது. மணி யாருக்கு அடிக்கிறது என்பதை நாங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். மித்ரியின் மருமகன் தாளும் பசைவாளியுமாக வந்ததைக் கடை வாசலிலிருந்து பார்த்தேன். படத்தின் முன் கொஞ்சநேரம் நின்றார். பிறகு திரும்பிப்போய், சந்துக்குள் இருந்த மின்கம்பத்தில் ஒட்டினார். மதியக் காற்றில் தாள் சுருண்டுகொண்டது.

நான்கு மணி அடக்கத்துக்குக் கோயிலில் பாதி பெஞ்சு காலி.

மறுநாள் துக்க வீட்டில் பெண்களோடு நானும் உம்மு இலியாஸும் உட்கார்ந்திருந்தோம். சர்க்கரையில்லாத காப்பி வந்தது. அப்போது மித்ரியோடு நாற்பது வருடம் தாயம் ஆடிய மீன்காரர் ஹபீப், கையில் இரண்டு மீனோடு உள்ளே வந்தார். வழக்கம்போல நண்பருக்குக் கொண்டுவந்தது. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கைப்பேசி இல்லாதவர். தினமும் விடிகாலையில் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார்.

"பெட்டியில ஒண்ணும் போடலையே," என்றார்.

யாரும் உம்மு இலியாஸைக் குறை சொல்லவில்லை. அவளாகத்தான் மித்ரியின் மகள் நுஹாதிடம் கேட்டாள்.

"ஏம்மா அதுல ஒட்டல?"

"உங்க படத்து மேல எப்படிக்கா ஒட்டுறது? எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரல."

உம்மு இலியாஸ் மிச்ச அறிவிப்புத் தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். துக்கம் விசாரிக்க இன்னும் ஒருநாள்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் மைதாவில் பசை காய்ச்சினாள். நானும் கூடப் போனேன். ஓரத்தில், புதினாவின் மேல் ஒட்டினால் ரொட்டி தப்பிக்குமே என்றேன். ஓரத்தில் ஒட்டினால் நடந்துபோகிறவர் கண்ணில் படாது என்றாள். நடுவில், கண் உயரத்தில், ரொட்டியின் மேலேயே வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள். இஸ்திரி போடுகிற கை. ஒரு சுருக்கம்கூட இல்லை.

மூன்றாம் நாள் நாற்காலி போதவில்லை. அபூ ஜுர்ஜ் கடையிலிருந்து பெஞ்சு தூக்கிவந்தார்கள். ஹபீப்பின் படகுக்காரர்கள் வந்தார்கள், திரிபோலியிலிருந்து பழைய கூட்டாளிகள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் உம்மு இலியாஸ்தான் காப்பி ஊற்றினாள்.

இப்போது அந்தப் பெட்டியில் நான்கு தாள்கள் இருக்கின்றன. தேநீர்க் குவளையும் சில ஆலிவும்தான் வெளியே தெரிகின்றன. நகராட்சிக்காரர் ஒருவர் வந்து தாள்களைக் கிழிக்கட்டுமா என்று கேட்டார்.

"நாற்பதாம் நாள் பூசை முடியட்டும் சார்," என்றாள். "அதுக்கப்புறமும் வேண்டாம்."