டிரைவர் சீட்டுக்கு அடியில்

குழாய்க்காரருக்கு ஓட்டை என்றாலே ஆகாது. முப்பத்தைந்து வருஷத் தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் போவது கூரை மூலையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்றுதான். விருந்துக்குப் போன இடத்தில்கூட, கை கழுவும் குழாய் சொட்டினால் அதை இறுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இந்த மனுஷன் தன் மூக்கில் இருக்கிற ரெண்டு ஓட்டையை மட்டும் எப்படி விட்டு வைத்தார் என்று அவர் மனைவி கேட்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கிண்டல்.

அப்படிப்பட்டவருடைய காரில், வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் பரிசோதனை நிலையத்து அதிகாரி ஒரு ஸ்குரூடிரைவரால் குத்தி, இரண்டு விரல் போகிற மாதிரி ஓட்டை போட்டுவிட்டார். பின்கதவுக்கு அடியில், நீளமாகப் பெட்டி மாதிரி ஓடும் படித் தகட்டில். பெரிதாகக் குத்தவும் இல்லை. அப்பளத்தில் விரல் வைத்த மாதிரி அது தானாக உள்ளே போனது. அதிகாரி கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வயசு வண்டி, நன்றாக உழைத்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே என்று தன்மையாகத்தான் சொன்னார். பதினைந்து நாள் கெடு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகவும் திரும்பக் காட்ட வரவும் தவிர, அதுவரை ரோட்டில் ஓட்டக் கூடாது. அதற்குள் சரியாகவில்லை என்றால் வண்டியின் கதை முடிந்தது.

குழாய்க்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். பாப்பாவைப் பற்றி அங்கே நின்று விளக்க அவருக்குத் தெம்பு இல்லை.

பாப்பாவுக்கு இருபத்தேழு வயசு. ஒரே பெண். பிறந்தபோது கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. பேச்சு நாலைந்து சொல்லோடு சரி. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை, அவளைப் போன்றவர்களுக்கான பகல் நேர மையம் ஒன்றில் இருப்பாள். கவர் ஒட்டுவாள், துணி மடிப்பாள், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த ஏழு மணி நேரத்தை வைத்துத்தான் வீடு ஓடியது. அவர் வேலைக்குப் போவதும், மனைவி துணிக் கம்பெனியில் காலர் தைக்கப் போவதும் அதற்குள்தான்.

சிக்கல் என்னவென்றால், பாப்பா இந்தக் காரைத் தவிர வேறு எதிலும் ஏற மாட்டாள். மச்சான் புது வண்டி வாங்கியபோது ஏற்றிப் பார்த்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அலறினாள். டாக்ஸிக்காரர் வந்தபோது நடுரோட்டில் உட்கார்ந்தாள். மையத்தின் வேனில் எட்டு நாள் முயற்சி செய்தார்கள். ஒன்பதாம் நாள் அவர்களே மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் காரில், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் மட்டும், யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வாள்.

ஆகவே வண்டி நின்ற மறுநாளிலிருந்து மனைவி லீவு போட்டாள். பாப்பா வழக்கம்போல ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, வீட்டு முன்னால் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தாள். போகவில்லை என்றதும் இறங்கவும் இல்லை. மத்தியானம் வரை கெஞ்சித்தான் சாப்பிட இறக்க முடிந்தது. நாலாம் நாள் அவள் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்து, இன்னும் பத்து நாள்தான் பொறுப்பேன், அப்புறம் வரவே வேண்டாம் என்று சொன்னார்.

காருக்குத் துரு எப்படி வந்தது என்பதில் குழாய்க்காரருக்குச் சந்தேகமே கிடையாது. பாப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போது தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மெல்லிசாக நூல் மாதிரி கீழே ஊற்றுவாள். அது விழுவதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் அவளுக்கென்று விளிம்பு உயர்ந்த ரப்பர் பாய் போட்டார். பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தார். மையம் வரும்வரை அழுதாள். கடைசியில், பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டிய கண்ணாடியை அவள் கை தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டார். மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே அவர் வாயில் தானாக வரும்: "பாப்பா, ஊத்தாதே." ஏறக்குறைய இருபது வருஷம், போகும்போதும் வரும்போதும்.

இப்போது ஓட்டை விழுந்ததும் அவள் கதவுக்கு நேர் அடியில். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொன்னார்.

"எத்தனை வருஷமா கத்துறேன். அவ ஊத்தின தண்ணிதான். இப்ப எல்லாரும் சேர்ந்து அனுபவிப்போம்."

மனைவி உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாப்பா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று அவர் நினைத்தார்.

பட்டறைகளில் ஒருவன் ஒரு மாசம் கழித்து வரச் சொன்னான். இன்னொருவன் குனிந்துகூடப் பார்க்காமல் கையை விரித்தான். சரி, நம் கையே நமக்கு உதவி என்று வேலை முடிந்து வந்த கையோடு சாயங்காலங்களில் தானே இறங்கினார். காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே கட்டைகளை அண்டக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் படுத்தார். கம்பி பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள். துருவில் ஒரு மோசம் இருக்கிறது. மேலே சின்னக் கொப்புளமாகத்தான் தெரியும். சுரண்டச் சுரண்ட நல்ல இரும்பு பின்வாங்கிக்கொண்டே போகும். முதல் நாள் உள்ளங்கை அளவு. இரண்டாம் நாள் ஒரு முழம். மூக்கை எவ்வளவு கட்டினாலும் துருத்தூள் உள்ளே போய், ராத்திரிச் சோறு இரும்பாக ருசித்தது. முதுகு அவருடையது என்றே தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கிரைண்டரை அணைத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே கிடந்தார். வண்டியை விட்டுவிடலாம் என்று தோன்றியது. இதைச் சரிசெய்தால் இன்னும் நாலு வருஷம் ஓடும். அப்புறம்? அவருக்கு இப்போதே அறுபத்தொன்று. எழுபதில் யார் ஓட்டுவார்கள், எதில் ஓட்டுவார்கள்? நமக்கு முன்னால் அவள் போய்விட்டால் என்ற நினைப்பும் வந்தது. அது முதல் தடவை வந்த நினைப்பு இல்லை. மனைவிக்கும் வரும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு அழுகைகூட வரவில்லை, அலுப்பாக மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிரைண்டரைப் போட்டார்.

சுரண்டி முடித்த இடத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அது பட்டி பூசி மறைக்கிற விஷயமில்லை, வண்டியைத் தாங்குகிற இடம். கட்டிட வேலைகளில் அவரோடு பழகிய வெல்டர் சனிக்கிழமை காலை மெஷினோடு வந்தார். வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, சீட்டையும் தரைவிரிப்பையும் முழுசாகக் கழற்று, இல்லையென்றால் பொறி விழுந்து வண்டியே எரியும் என்றார்.

டிரைவர் சீட்டுக்கு நாலு போல்ட். அந்த சீட் முன்னும் பின்னும் நகராமல் சிக்கி ஆறேழு வருஷம் ஆகிறது. சீட் நகர்கிற தண்டவாளத்தில் துரு என்று நினைத்து அதையும் பாப்பாவின் கணக்கில்தான் சேர்த்திருந்தார். எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் தொங்கி, போல்ட்டுகளைக் கழற்றி சீட்டைத் தூக்கினார்.

அடியில் கைக்குட்டைகள் இருந்தன.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஆழத்தில், திணித்துத் திணித்து இறுகிக் கிடந்தன. பூப்போட்டது, கட்டம் போட்டது, ஓரம் நைந்தது. மனைவி கம்பெனியில் மிஞ்சிய துணியில் தைத்துத் தைத்து அனுப்பியவை. மாசத்துக்கு ஒன்றாகத் தொலைந்தவை. எவளோ எடுக்கிறாள் என்று மையத்து ஆயாவோடு மனைவி ஒருமுறை சண்டைக்கே போயிருக்கிறாள். ஒன்றை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் குடித்துக் காய்ந்து அட்டையாக இருந்தது. நாலாக மடித்திருந்தது. மையத்தில் சொல்லிக் கொடுத்த மடிப்பு. நாலு மூலையும் பிசகாமல் சேர்ந்திருந்தன. எல்லாமே அப்படித்தான்.

ஊற்றுவாள். அவர் கத்துவார். அவள் குனிந்து துடைத்து, நாலாக மடித்து, அவர் சீட்டுக்கு அடியிலேயே தள்ளி மறைத்திருக்கிறாள். அவர் இத்தனை வருஷமும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு கத்தியிருக்கிறார்.

வெல்டருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பாயையும் விரிப்பையும் உரித்து, பாப்பா கால் வைக்கிற இடத்தைச் சுத்தியலால் தட்டினார். டங்கென்று கேட்டது. கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே மின்னியது. இந்த இடம் மட்டும் நேற்று வாங்கிய வண்டி மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு டார்ச்சோடு அடியில் படுத்து, படித் தகட்டின் கீழ் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"ஏம்ப்பா, தண்ணி வெளியே போற ஓட்டையெல்லாம் எவன் அடைச்சான்? பக்கத்துக்கு அஞ்சு விட்டிருக்கான் கம்பெனிக்காரன். மழைத் தண்ணி கதவு வழியா இதுக்குள்ள இறங்கும், அது போக வழி வேணாமா? அடைச்சா உள்ளேயே நின்னு தின்னுடும். அடைச்சவன் வேலைக்காரன்தான், கல்லு மாதிரி நிக்குது."

குழாய்க்காரருக்கு அடைத்தவன் யாரென்று தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழை நாளில், ரோட்டில் தேங்கிய வெள்ளத்துக்குள் வண்டியை விட்டபோது உள்ளே தண்ணீர் வந்தது. மறுநாளே இதே சாக்கில் படுத்து, கண்ணில் பட்ட பத்து ஓட்டையையும், குழாய் மூட்டுக்குப் போடுகிற பசையைப் பிசைந்து அடைத்தார். அவர் வேலையில் என்றைக்கும் குறை இருக்காது. இனி ஒரு சொட்டு உள்ளே வராது என்று எழுந்து வந்து மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். வராதது இருக்கட்டும், போகவும் முடியாது என்பது அவர் மண்டைக்கு ஏறவில்லை. தண்ணீரை நிறுத்துவதுதானே அவர் பிழைப்பு.

மனைவி டீயோடு வாசலில் நின்றிருந்தாள். வெல்டர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவர் கையில் இருந்த கைக்குட்டையையும் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பெருமழை நாள் ஞாபகம் இருந்தது.

"அவளத்தானே சொன்னீங்க இத்தனை நாளா," என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்சம் கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"நான்தான்ப்பா அடைச்சேன்," என்றார் வெல்டரிடம். வெல்டர் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மெஷினைப் போட்டார்.

அன்றும் மறுநாளும் வேலை நடந்தது. அழுகியதை வெட்டி எடுத்து, தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, இரண்டு கை பிரைமர் அடித்தார்கள். பத்து ஓட்டைகளையும் அவரே டிரில்லால் திறந்தார். பழைய பசை லேசில் வரவில்லை. கடைசியில் அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூச்சு பூசும்போது, கை தன்னையறியாமல் ஓர் ஓட்டையின் மேல் போய் அதை மூடிவிட்டது. குச்சியால் குத்தித் திறந்துவிட்டார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அதே அதிகாரி, அதே ஸ்குரூடிரைவரால் குத்தினார். நாலு இடத்தில் குத்தியும் இறங்கவில்லை. எந்தப் பட்டறை என்று கேட்டார். வீட்டில்தான் என்றார் குழாய்க்காரர். அதிகாரி புருவத்தைத் தூக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பதுக்கு முன்னாலேயே பாப்பா பையோடு ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் அவள் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான். முதல் வளைவு வந்தது. அவள் கை மூடியில் போவதைக் கண்ணாடியில் பார்த்தார். "ஊ" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். ஆனால் அவள் கை அதற்குள் நின்றுவிட்டது. இன்றுதான் அவர் கண் அவள் கையை விட்டு முகத்துக்குப் போனது. அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் ஒடுங்கியிருந்தன. இருபது வருஷமாக அவள் இப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

வண்டியை ஓரம் கட்டினார்.

"ஊத்தும்மா," என்றார்.

அவள் அசையவில்லை. பாட்டிலை மடியோடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

அவர் இறங்கிப் போய் அவள் கதவைத் திறந்தார். பாட்டிலை மெதுவாக வாங்கி, மூடியைத் திறந்து, அவள் ஊற்றுகிற மாதிரியே நூலாக, அவள் காலடியில் ஊற்றினார். பாப்பா குனிந்து பார்த்தாள். தண்ணீர் விழுந்து முடிகிற வரைக்கும் கண் எடுக்கவில்லை. அவள் சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார்.

அவள் பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். அவர் ஊற்றிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். அதை நாலாக மடித்து, மூலைகளைச் சரிபார்த்து, அவசரமாக அவர் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பிறகு நேராக உட்கார்ந்து, உதட்டின் மேல் விரலை வைத்து, யாரிடமும் சொல்லாதே என்று அவருக்குச் சைகை காட்டினாள்.

சரி என்று தலையாட்டினார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, வண்டியை எடுத்தார். அன்று மையத்துக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.