நடுவட்டத்து ஸ்டிக்கர்

கூடைப்பந்துத் தளத்தின் நடுவட்டத்தில் மண்டியிட்டு, ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்த அண்ணனின் முதுகுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. விரலை எடுத்ததும் ஓரம் மறுபடி எழுந்தது. பார்வையாளர்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது நான் துபாயில் ஓர் உள்ளரங்கில் ஸ்கோர்போர்டு டெக்னீஷியன். நான் அண்ணன் என்று அழைத்தவர் குமரிக் கடற்கரைக்காரர். தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். அஜ்மானிலிருந்து ஒரே பஸ்ஸில் டியூட்டிக்கு வருவோம்.

ஐரோப்பியக் கழகப் போட்டிகள் சில அங்கே நடக்கும். அவற்றை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. உச்சியில் ஒன்று. அதன் கீழே இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே நிர்வாகம். மூன்றாவதையும் நான்காவதையும் நடத்துவது வேறொரு கூட்டமைப்பு. பக்கவாட்டில், அண்டை நாட்டுக் கழகங்கள் சேர்ந்தாடும் வட்டார லீக். வெற்றி மட்டும் உச்சிக்குக் கொண்டுபோகாது. உரிமம் வேண்டும், அரங்கும் தேற வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் ஸ்டிக்கராகவும் பந்தாகவும்தான் வந்து சேரும். வட்டார லீக் ஆட்டம் முடிந்ததும் அதன் முத்திரையை உரித்து, தரையைத் துடைத்து, உச்சிப் போட்டியின் முத்திரையை ஒட்ட வேண்டும். பந்துகளையும் மாற்ற வேண்டும்.

அன்று உரிக்க நேரமில்லை. பழையதன் மேலேயே ஒட்டச் சொன்னார் கம்பெனி மேலாளர். அண்ணன் மறுத்துப் பார்த்தார். "யல்லா பாய், ஜல்தி" என்று மேலாளர் அவசரப்படுத்தியதோடு பேச்சு முடிந்தது. அண்ணனின் விசாவைப் புதுப்பிக்க அந்த மேலாளரின் கையெழுத்து வேண்டியிருந்தது.

பயிற்சி ஓட்டத்தில் எட்டாம் எண் ஆட்டக்காரரின் காலணி அந்த ஓரத்தில் மாட்டியது. தரையில் கையூன்றி எழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. என் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, போட்டி ஆணையர்கிட்ட சொல்லிரலாமா?"

"சொன்னா மேட்ச் நிக்கும். நின்னா எனக்க ஜோலி கலாஸ்." தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பயலுக்க காலு போச்சுன்னா? நீ அவருகிட்ட சொல்லிரு மக்கா."

நான் ஆணையரை அழைத்தேன். அவர் காலணி நுனியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டத் தொடக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அரங்கில் விசில் எழுந்தது. மேலாளர் ஓடிவந்து என்னைப் பார்த்து, "கிஸ்னே போலா?" என்று யார் சொன்னதென இந்தியில் கேட்டார்.

"மே போலா," என்று தானே சொன்னதாக ஏற்றுக்கொண்டார் அண்ணன், கையில் சுரண்டியுடன். பிறகு மண்டியிட்டு இரண்டு ஸ்டிக்கர்களையும் உரித்தெடுத்தார். வெறும் தரையில் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. யாரும் விழவில்லை.

கையெழுத்து வரவில்லை. அடுத்த மாதம் அண்ணன் ஊருக்குப் போனார்.

இப்போது அவர் சவூதியின் அல் கோபாரில் ஒரு கிடங்கில் இருக்கிறார். நான் வேறோர் அரங்கில் இருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்திருக்கிறேன். எப்போதாவது அழைப்பார். நலம் விசாரித்த பிறகு, "நம்ம எட்டாம் நம்பரு ஆடுகானா?" என்பார். பெயர் அவருக்கு நிற்பதில்லை. நான் தேடிச் சொல்வேன். இரண்டு பருவங்கள் உச்சியிலேயே இருந்தார். பிறகு இரண்டாம் அடுக்கு. சென்ற மாதம் கண்டுபிடிக்கச் சற்று நேரமானது. கழகம், நாடு, சட்டை எண் எல்லாமே மாறியிருந்தன.

"நாலாவது அடுக்குக்கு வந்துட்டாரு அண்ணே."

"உக்காத்தி வச்சிருக்கானுவளா?"

"இல்ல. கிட்டத்தட்ட முழு ஆட்டமும் ஆடியிருக்காரு."

"அப்ப காலு நல்லாத்தான் இருக்கு," என்றார். பின்னால் யாரோ அவரை உருதுவில் கூப்பிட்டார்கள். "வைக்கேன் மக்கா, லோடு வந்திருக்கு."